என் மொழிபெயர்ப்பில் ஊசி இல்லை

இரண்டு மொழி தெரிந்தவர்களுக்கு ஒரு வியாதி உண்டு. யாராவது இரண்டு பேருக்கு நடுவில் நின்று பேசக் கிடைத்தால் போதும், உலகமே நம் நாக்கில்தான் சுற்றுகிறது என்று தோன்றிவிடும். எனக்கு அது முற்றிய நிலையில் இருந்தது. கொல்கத்தாவிலேயே பிறந்து வளர்ந்தவள் நான். காளிகாட்டில் வழி தெரியாமல் நின்ற ஒரு மதுரைக் குடும்பத்துக்கும் டாக்ஸிக்காரருக்கும் ஒருமுறை சமாதானம் பேசி வைத்ததிலிருந்து, ஐ.நா. சபையிலிருந்து எந்த நேரமும் அழைப்பு வரலாம் என்ற நினைப்பில்தான் கல்லூரிக்கே போய்க்கொண்டிருந்தேன்.

அழைப்பு வந்தது. ஐ.நா.விலிருந்து இல்லை, இதே ஊரின் கார்டன் ரீச்சிலிருந்து.

அழைத்தது பெரியம்மா மகள் செல்வி அக்கா. அத்தானுக்கு ரயில்வேயில் மாற்றலாகி, திருநெல்வேலியிலிருந்து வந்து ஐந்து மாதம்தான் ஆகியிருந்தது. அவர்கள் மகள் யாழினிக்கு ஏழு வயது. கீழ்வரிசையில் ஒரு பால்பல் விழமாட்டேன் என்று அடம்பிடிக்க, அதன் பின்னாலேயே புதுப்பல் முளைத்துவிட்டது. பிடுங்கியே ஆகவேண்டும்.

“ஏட்டி வித்யா, நீதான் கூட்டிட்டுப் போணும். எனக்கு இந்த ஊர் பாஷையும் வராது, ஊசியப் பாத்தா மயக்கமும் வரும். அவளும் அப்படித்தான். போன தடவ நர்ஸ் கையக் கடிச்சு வச்சிட்டா.”

“ஒரு சொட்டுக் கண்ணீர் இல்லாம கொண்டாந்து விடுதேன்க்கா. என்னைய நம்பு.”

டாலிகஞ்சில் எங்கள் வீட்டுப் பக்கம்தான் குழந்தைகளுக்கான பல் டாக்டர். பஸ்ஸில் உட்கார்ந்ததுமே யாழினி கேட்டாள்.

“சித்தி, ஊசி போடுவாங்களா?”

“சேச்சே! இந்த ஊர்ல பல்லுக்கெல்லாம் ஊசியே கிடையாது.”

“சத்தியமா?”

“சத்தியமா.” (அவள் தலையில் கை வைக்காமல், முன்சீட்டுக் கம்பியில் வைத்துச் சொன்னேன். அந்த அளவுக்கு நேர்மை எனக்கு உண்டு.)

துறைமுகத்தை ஒட்டிய கிடர்பூரில் லாரிகளுக்கு நடுவே பஸ் மாட்டிக்கொண்டது. அந்த நேரத்தில் தோழி போன் செய்தாள். அவளிடம் பெங்காலியில், பஸ் முழுக்கக் கேட்கும்படி, என் திட்டத்தை விளக்கினேன். டாக்டர் என்ன சொன்னாலும் ஊசியை மட்டும் வடிகட்டிவிடுவேன். இந்தக் குட்டிப் பிசாசுக்கு ஒன்றும் புரியாது. மீறி அழுதால் இங்கேயே துறைமுகத்தில் கப்பலேற்றிவிட்டுத் திரும்பிவிடுவேன். குட்டிப் பிசாசு ஜன்னல் வழியே கைவண்டிகளை வேடிக்கை பார்த்துக்கொண்டிருந்தது. பாவம் குழந்தை என்று எனக்கு இரக்கம்கூட வந்தது.

டாக்டர் நிதானமான மனிதர். “குழந்தைகளிடம் நான் எதையும் மறைப்பதில்லை. சொல்வதை அப்படியே சொல்லுங்கள்” என்று ஆரம்பித்தார். முதலில் ஈறு மரத்துப்போக ஜெல்லி தடவுவேன், அப்புறம் சின்னதாக ஒரு இன்ஜெக்‌ஷன், எறும்பு கடித்த மாதிரி இருக்கும், அதன்பின் பல்லை எடுக்கும்போது அழுத்தம்தான் தெரியும், வலி தெரியாது என்று பொறுமையாக விளக்கி முடித்தார்.

நான் யாழினி பக்கம் திரும்பினேன். “உன் கவுன் ரொம்ப அழகா இருக்காம்.”

“இவ்ளோ நேரமா அதையா சொன்னாரு?”

“பெங்காலிக்காரங்க எதையும் சுருக்கமா சொல்ல மாட்டாங்க.”

“நடுவுல இன்ஜெக்‌ஷன்னு ஒண்ணு சொன்னாரே?”

பெங்காலியிலும் இன்ஜெக்‌ஷன் இன்ஜெக்‌ஷன்தான் என்பதை ஐ.நா. மொழிபெயர்ப்பாளர் யோசித்திருக்கவில்லை.

“அது... இந்த ஊர் ஸ்வீட்டு. ரசகுல்லா மாதிரி. கொஞ்சம் நீளமா இருக்கும்.”

“என்ன சொல்கிறாள்?” என்றார் டாக்டர். “தயாராம், சீக்கிரம் ஆரம்பிக்கச் சொல்கிறாள்” என்றேன். (என் வடிகட்டி இரண்டு பக்கமும் வேலை செய்யும்.)

யாழினி என்னை ஒரு நிமிடம் பார்த்தாள். பெருமூச்சு விட்டாள். டாக்டர் பக்கம் திரும்பினாள்.

“டாக்தார் காக்கு, மாஷி மித்தே கொதா போல்ச்சே.”

டாக்டர் மாமா, சித்தி பொய் சொல்கிறாள் என்று அர்த்தம். அர்த்தம் எனக்கு உடனே புரிந்தது. அது யார் வாயிலிருந்து வந்தது என்பதுதான் புரிய நேரமானது. ரயில்வே குவார்ட்டர்ஸில் கீழ்வீட்டு இரட்டைப் பெண்களோடு ஐந்து மாதமாக விளையாடியவள், என்னைவிடச் சுத்தமாகப் பெங்காலி பேசினாள்! கவுன், ரசகுல்லா, பஸ் கம்பியில் செய்த சத்தியம், துறைமுகக் கப்பல் வரை எல்லாவற்றையும் வரிசையாகச் சொன்னாள். அவள் எதையும் வடிகட்டவில்லை.

சொத்தைப் பல்லைப் பார்ப்பதுபோல டாக்டர் என்னைப் பார்த்தார். “நீங்கள் வெளியே உட்காருங்கள்.”

கதவுக்கு வெளியே நின்று கேட்டேன். ஊசி எவ்வளவு பெரிது என்று அவள் கேட்க, அவர் காட்டினார். வலிக்குமா என்று கேட்க, கொஞ்சம் வலிக்கும் என்றார். “சரி” என்றாள். சின்னதாக ஒரு ‘ஆ’. கொஞ்ச நேரத்தில், வாயில் பஞ்சும் கையில் பல் போட்ட டப்பாவுமாக வெளியே வந்தாள். கண்ணில் ஒரு சொட்டு இல்லை. அந்தச் சொட்டெல்லாம் என் கண்ணில் இருந்தது.

பஞ்சை எடுக்கும்வரை அவளால் பேச முடியவில்லை. எடுத்ததும் சொன்னாள்: “பஸ்லயே தெரியும், ஊசி உண்டுன்னு. நீ எப்பச் சொல்லுவேன்னுதான் பாத்துக்கிட்டே இருந்தேன்.”

இரண்டு மொழியிலும் மன்னிப்புக் கேட்டேன்.

வீட்டு வாசலிலேயே அக்கா நின்றாள். “டாக்டர் என்னட்டி சொன்னாரு?”

இன்றைக்கு மட்டும் சூடில்லாமல், மெத்தென்று ஏதாவது கொடுங்கள் என்பதுதான் டாக்டர் சொன்னது. நான் வாயைத் திறப்பதற்குள் யாழினி முந்திக்கொண்டாள். “ஒரு வாரத்துக்கு ஐஸ்க்ரீம் சாப்பிடணும். வீட்டுப்பாடம் எழுதவே கூடாது. பென்சில் பிடிச்சா பல்லு விண்ணு விண்ணுன்னு தெறிக்குமாம்.”

“நெசமாவாட்டி?” அக்கா என்னிடம் கேட்டாள்.

அவள் இடுப்பைக் கட்டிக்கொண்டிருந்த யாழினி, என்னைப் பார்த்து மெதுவாக ஒரே ஒரு பெங்காலிச் சொல்லைச் சொன்னாள். “ஜாஹாஜ்.”

கப்பல்.

“அப்படியேதான் சொன்னாருக்கா” என்றேன்.

கீழ்வீட்டு இரட்டையரில் ஒருத்திக்கும் பல் பிடுங்கி, அவள் அன்று சாயங்காலமே வீட்டுப்பாடம் எழுத உட்கார்ந்தபோதுதான் குட்டு உடைந்தது. அக்கா இரண்டு பேரையும் ஒன்றாக நிற்கவைத்துத் திட்டினாள்.

அதிலிருந்து எங்கள் குடும்பத்தில் நான் எந்த நல்ல செய்தி சொன்னாலும் கேள்வி ஒன்றுதான். போன மாதம் எனக்கு வேலை கிடைத்துவிட்டது என்று துள்ளிக்கொண்டு போய்ச் சொன்னேன். அக்கா இனிப்பை எடுக்கப் போன கையை அப்படியே நிறுத்தினாள்.

“சந்தோசம். ஊசி எங்கட்டி இருக்கு?”

நைட் ஷிஃப்ட் என்பதை அப்புறம்தான் சொன்னேன்.