இடது மூலையை விசாரித்த மாமா

உலகத்திலேயே ஒரு கம்ப்யூட்டரைப் பெண் பார்க்கப் போன ஒரே மனிதர் எங்கள் என்கொயரி மாமாதான். ஜாதகம் ஒன்றுதான் கேட்கவில்லை. மற்ற எல்லாம் கேட்டார்.

அவருக்கு நிஜப் பெயர் உண்டு. வாசல் கதவில் பித்தளைப் பலகையில் பளபளவென்று இருக்கும். ஆனால் புனேயில் எங்கள் ஹவுசிங் சொசைட்டி வாட்ச்மேன்கூட அவரை 'என்கொயரி சாப்' என்றுதான் சொல்வார். ராணுவத்துக்குப் போகிற சாமான்களைச் சோதித்துப் பார்க்கும் அரசாங்க அலுவலகம் ஒன்றில் வேலை பார்த்து ரிட்டையர் ஆனவர். பூட்ஸ் வந்தால் தையலைப் பிரித்துப் பார்ப்பார், கம்பளி வந்தால் தண்ணீரில் முக்கிப் பார்ப்பார். உத்தியோகம் போனாலும் சோதனை போகவில்லை. ஒருமுறை மிக்ஸி வாங்க வேண்டுமென்று எங்கள் கட்டிடம் முழுக்க ஏறி இறங்கி விசாரித்தார். விசாரணை முடிந்து அவர் கடைக்குப் போனபோது கம்பெனி அந்த மாடலைத் தயாரிப்பதையே நிறுத்திவிட்டது.

நான் கோயமுத்தூர்க்காரன். ஹிஞ்சேவாடியில் ஐ.டி. கம்பெனியில் இருக்கிறேன். நான் ஐ.டி.யில் இருப்பது உண்மை. எனக்குக் கம்ப்யூட்டர் தெரியும் என்பது எங்கள் கட்டிடத்தின் நம்பிக்கை. மற்றவர்கள் எழுதிய சம்பளக் கணக்கு மென்பொருளில் தப்பு இருக்கிறதா என்று தட்டிப் பார்ப்பது என் வேலை. என் வீட்டு வை-ஃபை நின்றுபோனால் நானும் எல்லோரையும் போல அணைத்துவிட்டுப் போட்டு, சாமி கும்பிட்டுக்கொள்கிற ஆள்தான். இதை வெளியே சொல்ல வெட்கப்பட்டதில்தான் அவஸ்தையெல்லாம் ஆரம்பித்தது.

மாமா வீட்டுக் கம்ப்யூட்டரில் ஒருநாள் ஓர் அறிவிப்பு வந்தது. 'உங்கள் கணினிக்குப் புதிய வடிவமைப்புடன் புதிய பதிப்பு தயார். இப்போது மாறுகிறீர்களா, பிறகா?' மற்றவர்கள் ஏதாவது ஒரு பொத்தானை அழுத்திவிட்டுச் சாப்பிடப் போவார்கள். மாமா சட்டையை அயர்ன் பண்ணிப் போட்டுக்கொண்டு, ஞாயிற்றுக்கிழமை நல்ல நேரம் பார்த்து எங்கள் வீட்டுக்கு வந்துவிட்டார்.

"ஏம்ப்பா, ஒன் மிஷின்ல புதுசு போட்டாச்சாமே? கொஞ்சம் பார்க்கலாமோன்னு வந்தேன்."

என் மனைவி கவிதா காந்தா பஜ்ஜி என்கிற வெங்காய பஜ்ஜியும் டீயும் கொண்டுவந்து வைத்தாள். மாமா சோபாவில் நிமிர்ந்து உட்கார்ந்தார். நான் லேப்டாப்பைத் துடைத்துக் கொண்டுவந்து எதிரில் வைத்தேன். அவர் அதைத் தலையிலிருந்து கால் வரை பார்த்தார்.

"லட்சணமா இருக்கு. சட்டுனு எழுந்துக்குமா, இல்லே தூங்கி வழியுமா?"

"சீக்கிரம் எந்திரிச்சுருமுங்க மாமா."

"ஒரு பாட்டுப் போடு, குரல் எப்படின்னு கேப்போம்." கேட்டார். தலையை ஆட்டினார். "கோவம் வருமா? நடுவுல திடீர்னு அணைஞ்சு போறது, அந்த மாதிரி?"

"எப்பவாச்சும் வருமுங்க."

"எங்காத்துல ஒரு பழைய பிரிண்டர் இருக்கு. வயசானது, கொஞ்சம் முனகும். அதோட அனுசரிச்சுப் போகுமா?"

கவிதா சமையலறைக்குள் ஓடிவிட்டாள். அங்கிருந்து அவள் சிரிக்கும் சத்தம் கேட்டது. மாமா அதைக் காதில் வாங்கவில்லை. கடைசி பஜ்ஜியை முடித்துக் கையைத் துடைத்துக்கொண்டு, முன்னால் சாய்ந்து, குரலைத் தணித்துக் கேட்டார்.

"கீழே, இடது பக்க மூலையில என்ன இருக்கு?"

"அங்க வெயில் எவ்வளவு, மழை வருமா அப்படின்னு காட்டுமுங்க."

"ஸ்டார்ட் பட்டன்?"

"அதை நடுவுக்குக் கொண்டாந்துட்டாங்க மாமா. புது டிசைன்."

மாமாவின் முகம் விழுந்துவிட்டது. "அப்போ சரிப்பட்டு வராது. பாவம், நல்ல மிஷின்தான்" என்று எழுந்து போய்விட்டார். என் லேப்டாப்பை ஒருவர் பஜ்ஜி சாப்பிட்டுவிட்டு வேண்டாமென்று சொல்லிப் போனது எனக்கு ஏனோ பெரிய அவமானமாக இருந்தது. அன்று முழுக்க அதைத் திறக்கவே மனசு வரவில்லை.

இது ஒரு வீட்டோடு நிற்கவில்லை. கேம்ப் ஏரியாவில் பேங்குக்குப் போனவர், பென்ஷனை விசாரிப்பதை விட்டுவிட்டு, கவுண்டரில் இருந்த பெண்ணிடம் அவள் திரையைத் திருப்பிக் காட்டச் சொல்லியிருக்கிறார். செக்யூரிட்டி வந்து மரியாதையாக வெளியே கூட்டிப்போய் உட்கார வைத்திருக்கிறார். எங்கள் கம்பெனி கேப் காலையில் வாசலில் நின்றால் மாமா ஜன்னலுக்குள் தலையை விடுவார். "அரே பாய், ஆப் லோக் மே கிஸ்னே அப்கிரேட் கியா?" உங்களில் யார் புதுசு போட்டது என்று கேள்வி. உள்ளே இருக்கும் பிள்ளைகள் காதில் மாட்டியிருப்பதைக் கழற்றிவிட்டு முழிக்கும். மாமா என்னைக் காட்டி, "யே போல்தா ஹை பட்டன் பீச் மே ஹை" என்று, பட்டன் நடுவில் இருப்பதாகச் சொல்கிறவனாக எல்லோருக்கும் என்னை அறிமுகப்படுத்துவார். நான் ஷூ லேஸ் கட்டுகிற மாதிரி குனிந்துகொள்வேன். ஒருநாள் அப்படிக் குனிந்தபோது நான் போட்டிருந்தது செருப்பு.

இதற்கெல்லாம் சிகரம், ஒரு வெள்ளிக்கிழமை நான் வீட்டிலிருந்து வேலை பார்த்த அன்று நடந்தது. மேனேஜருடன் வீடியோ மீட்டிங். என் வருஷ உழைப்பைப் பற்றி அவர் பேசிக்கொண்டிருக்கிறார். என் தோளுக்குப் பின்னாலிருந்து மாமாவின் தலை எழும்பியது. கவிதா கதவைத் திறந்துவிட்டிருக்கிறாள்.

"நமஸ்தே சார்! ஏக் மினிட். ஆப் கே நீச்சே, லெஃப்ட் சைட் மே, க்யா ஹை?"

கீழே, இடது பக்கம் என்ன இருக்கிறது என்று ஒரு முன்பின் தெரியாத பெரியவர் கேட்டதும் மேனேஜர் வெலவெலத்துப் போனார். இஸ்திரி போட்ட சட்டையும் டையுமாக இருந்தவர், பதறி எழுந்து கீழே பார்த்தார். அவர் இடுப்புக்குக் கீழே வாழைப்பழம் படம் போட்ட பெர்முடா போட்டிருந்ததை அப்போதுதான் நாங்கள் பார்த்தோம். மீட்டிங் உடனே முடிந்தது. அந்த வருஷம் என் சம்பளம் எவ்வளவு உயர்ந்தது என்பதை இங்கே சொல்லப் போவதில்லை.

அதற்கப்புறம் ஞாயிற்றுக்கிழமை பெல் அடித்தால் நான் மூச்சைப் பிடித்துக்கொண்டு வீட்டில் இல்லாதவனாகிவிடுவேன். "அவரு பெரிய மனுசருங்க. இப்படியா ஒளிஞ்சுக்குவாங்க?" என்று கவிதா தலையில் அடித்துக்கொள்வாள். சரியாக அந்த நேரம் பார்த்து எங்கள் குக்கர் விசில் அடிக்கும். மாமா வெளியே நின்று, "சரி, சாப்பாடு ஆகட்டும், அப்புறமா வரேன்" என்று சொல்லிவிட்டுப் போவார். அவர் கோபித்துக்கொண்டு போயிருந்தால்கூட எனக்கு இவ்வளவு கூச்சமாக இருந்திருக்காது.

மாமியைப் பற்றிச் சொல்லாமல் விட்டுவிட்டேன். மாமி கேம்ப்பில் ஒரு வக்கீல் ஆபீசில் டைப்பிஸ்டாக இருந்தவர். விரல் அது பாட்டுக்கு ஓடும், கண் ஜன்னல் பக்கம் இருக்கும். நான் என் பாஸ்வேர்டை இரண்டு விரலால் தேடித் தேடி அடிப்பதற்குள் மாமி ஒரு கடிதத்தையே முடித்துவிடுவார். கதவைத் திறந்ததும் நேருக்கு நேராக நின்றபடி, "யாரது, கோயமுத்தூரா?" என்பார். "ஆமாங்க மாமி" என்றால்தான் சிரிப்பார். கேலி பண்ணுகிறார் என்று நான் நினைத்திருந்தேன். தினமும் காலையில் கனடாவில் இருக்கும் மகளைக் கம்ப்யூட்டரில் கூப்பிட்டுப் பேசுவதுதான் மாமிக்குப் பொழுது விடிகிற நேரம்.

அந்தப் பேச்சுக்குத்தான் ஆபத்து வந்தது. பழைய பதிப்பில் இனி வீடியோ கால் வேலை செய்யாது, புதியதுக்கு மாறினால்தான் உண்டு என்று அறிவிப்பு வந்துவிட்டது. மகளுக்கோ வளைகாப்பு நெருங்கிக்கொண்டிருந்தது. மாமா என்னைத் தேடி வந்தார். அன்று சட்டை கசங்கியிருந்தது.

"இனிமே தள்ள முடியாதுப்பா. நீயே வந்து போட்டுக் குடுத்துடு. மாமி பிரதோஷத்துக்குக் கோயிலுக்குப் போறா. அவ வரதுக்குள்ள முடிச்சுடணும்."

போனேன். மாமா கம்ப்யூட்டருக்குக் குங்குமம் வைத்திருந்தார். பழைய பிரிண்டருக்கும் மனசு நோகக் கூடாதென்று ஒரு பொட்டு. நான் பொத்தானை அழுத்தினேன். வட்டம் சுற்றியது, திரை அணைந்தது, எழுந்தது, மறுபடி அணைந்தது. மாமா ஆபரேஷன் தியேட்டர் வாசலில் நிற்கிறவர் மாதிரி நடந்துகொண்டே இருந்தார். ஒருவழியாகப் புதுத் திரை வந்தது. பொத்தான் நடுவில் பளிச்சென்று உட்கார்ந்திருந்தது.

"பாருங்க மாமா, அருமையா வந்திருச்சு. இதுக்குப் போயி இத்தனை நாள் பயந்துட்டீங்களே" என்று நான் கொஞ்சம் சத்தமாகவே சிரித்தேன்.

அப்போது மாமி பக்கத்து வீட்டுப் பெண்ணின் கையைப் பிடித்துக்கொண்டு வந்துவிட்டார். "ஆயிடுத்தா? எங்கே, நான் அவளைக் கூப்பிட்டுப் பார்க்கறேன்" என்று நாற்காலியைத் தடவி உட்கார்ந்தார். வலது கை மவுஸைப் பிடித்தது. ஒரே தள்ளாகக் கீழே இடது மூலைக்குத் தள்ளினார். அம்புக்குறி மூலையில் போய் முட்டி நின்றது. கிளிக் செய்தார்.

வானிலை திறந்தது. அதோடு ஏதோ கிரிக்கெட் வீடியோ பெரிய சத்தத்தோடு அலற ஆரம்பித்தது. மாமி திடுக்கிட்டுக் கையை எடுத்தார். மறுபடி வைத்து, மறுபடி மூலைக்குத் தள்ளினார். மறுபடி அதே கூச்சல். அவர் முகம் திரையைப் பார்த்துத்தான் இருந்தது. ஆனால் கண் திரையில் இல்லை.

"ஏன்னா, என்ன மாறிடுத்து?" என்றார். குரல் சின்னதாகிவிட்டது.

"ஒண்ணுமில்லேடி. மிஷின் மக்கர் பண்றது. இவன் பார்த்துண்டிருக்கான்."

மாமா என் கையைப் பிடித்து பால்கனிக்கு அழைத்துப் போனார். "அவளுக்குப் பார்வை கொஞ்சம் கொஞ்சமாப் போயிண்டிருக்குப்பா. திரும்பி வராதுன்னு டாக்டர் சொல்லிட்டா. யார்கிட்டயும் மூச்சு விடப்படாதுன்னு எங்கிட்ட சத்தியம் வாங்கிண்டா. டைப்பிஸ்டுக்குக் கண்ணு தெரியலேன்னா சிரிப்பான்னு அவளுக்கு வெக்கம். மூலைன்னா பார்க்கவே வேண்டாம் பாரு, தள்ளினா தானா நின்னுடும். நடுவுலன்னா எங்கேன்னு போய்த் தேடுவா?"

நான் திரும்பி உள்ளே மாமியைப் பார்த்தேன். மாமா தொடர்ந்தார்.

"அதான் எங்கேயாவது ஒரு மிஷின்ல மூலையில இருக்கான்னு கேட்டுப் பார்த்தேன். பயந்தாங்கொள்ளின்னு எல்லாரும் என்னைப் பார்த்துச் சிரிச்சா சிரிச்சுட்டுப் போறா. எனக்கென்ன வெக்கம்?"

வெட்கம் முழுவதும் எனக்குத்தான் வந்தது. இப்போது என்ன செய்வதென்றும் தெரியவில்லை. "பாத்ரூம் எங்கீங்க மாமா?" என்று கேட்டு உள்ளே போய்த் தாழ்போட்டுக்கொண்டு, குழாயைத் திறந்துவிட்டு, ஃபோனில் தேடினேன். அந்தப் பொத்தானை இடது பக்கம் மாற்ற வழி இருக்கிறதா என்று. இருந்தது. அமைப்புகளில் போய் 'நடுவில்' என்பதை 'இடதில்' என்று மாற்றினால் தீர்ந்தது. டம்ளரில் காப்பி ஆறுகிற நேரம்கூட ஆகாது. இதைத் தெரிந்துகொள்ளத்தான் அந்த மனுஷன் பேங்க் வாசல் வரை போய் அவமானப்பட்டிருக்கிறார். ஐ.டி.காரர்கள் நிறைந்த எங்கள் கட்டிடத்தில் வேகத்தைச் சொன்னோம், அழகைச் சொன்னோம். எதற்காக மூலையைக் கேட்கிறீர்கள் என்று ஒருத்தரும் திருப்பிக் கேட்கவில்லை. ஒளிந்துகொண்ட நானும்தான்.

வெளியே வந்து மாற்றினேன். பொத்தான் நகர்ந்து மூலையில் போய் உட்கார்ந்தது.

"இவ்வளவுதானா?" என்றார் மாமா. ஒரு வார்த்தை திட்டியிருக்கலாம். திட்டவில்லை. "இது தெரிஞ்சவன் நீ ஒருத்தன்தாம்ப்பா" என்று என் முதுகில் தட்டினார். குழாயை மூட மறந்துவிட்டது அப்போதுதான் ஞாபகம் வந்து நான் பாத்ரூமுக்கு ஓடினேன்.

மாமி மவுஸை மூலைக்குத் தள்ளினார். அழுத்தினார். திறந்தது. "அதானே பார்த்தேன்" என்றார். விரல்கள் மகளின் பெயரை அடிக்க, கண் ஜன்னல் பக்கம் இருந்தது. திரையில் மகள் வந்ததும் மாமா ஓரமாக நின்று, "அவ பச்சைப் புடவை கட்டிண்டிருக்கா, முகம் கொஞ்சம் பூசினாப்ல இருக்கு" என்று மாமிக்கு மட்டும் கேட்கும்படி சொல்லிக்கொண்டிருந்தார்.

இப்போது அவர்கள் மகளோடு கனடாவில் இருக்கிறார்கள். இதை எழுதட்டுமா என்று ஃபோனில் கேட்டேன். "எழுதிக்கோ. இப்போ எனக்கு ஒரு வெக்கமும் இல்லை. அவர் பேரைப் போடாதே, என்கொயரின்னே போடு" என்றார் மாமி. பின்னால் மாமா யாரிடமோ ரொட்டி சுடும் மெஷின் பற்றி இங்கிலீஷில் விசாரித்துக்கொண்டிருந்தார்.

போன மாதம் ஆபீசில் எனக்குப் புது லேப்டாப் கொடுத்தார்கள். முதல் வேலையாகப் பொத்தானை இடது மூலைக்கு மாற்றினேன். பக்கத்து சீட்டுப் பெண் ஏன் என்று கேட்டாள். பழக்கம் என்று சொல்லிவிட்டேன். ஏதாவது ஒரு ஞாயிற்றுக்கிழமை, அயர்ன் பண்ணிய சட்டையோடு அவர் வந்து உட்கார்ந்து கேட்டால், இந்தத் தடவையாவது நான் "பட்டன் மூலையிலேயே இருக்குதுங்க மாமா" என்று சொல்ல வேண்டும்.