தாலியை விழுங்கிய டைட்டானியம் சிமிழ்

கல்யாணத்தன்று மாப்பிள்ளை செய்ய வேண்டிய வேலை ஒன்றே ஒன்றுதான்: தாலி கட்டுவது. மற்றதையெல்லாம் ஊரே கூடிச் செய்துவிடும். அந்த ஒரு வேலையையும் சொதப்பியவன் நான்.

அறுபதுகளில் பெங்களூர் விமானத் தொழிற்சாலை ஒன்றில், லேத்தில் உலோகம் கடையும் டர்னராக இருந்தேன். ஜெட் இன்ஜின் வேலைக்காக டைட்டானியம் என்ற உலோகம் வந்து இறங்கிய நாளிலிருந்து எனக்குப் பைத்தியம் பிடித்துவிட்டது. எஃகின் பலம், எடையோ பாதிக்குச் சற்றே மேல், துரு என்ற பேச்சே கிடையாது. நான் குடியிருந்த நீலசந்திரா பேட்டையில் டீக்கடையில் நின்றாலும் பஸ் ஸ்டாப்பில் நின்றாலும் இதையேதான் பேசுவேன். (என்னைக் கண்டால் ஆட்கள் ஒதுங்கிப் போவார்கள். மரியாதை என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.)

கல்யாணம் நிச்சயமானதும், தாலி வைக்க அம்மா ஒரு பித்தளைச் சிமிழைத் தேய்த்து எடுத்து வைத்தாள்.

"பித்தளை பச்சை பூக்கும்மா. வெள்ளி கறுத்துடும். எவர்சில்வர் கனம். ஏரோப்ளேனுக்குப் போடுற சாமான்ல நானே செஞ்சு எடுத்தாறேன்" என்றேன்.

"தாலி இன்னா பறக்கவா போவுது?" என்றாள் அம்மா.

ஃபோர்மன் நஞ்சுண்டப்பாவிடம் கெஞ்சி, கழித்துப் போட்ட துண்டு ஒன்றை வாங்கினேன். சாப்பாட்டு இடைவேளைகளில் கடைந்து, திருகு மூடி வைத்த சிமிழ் செய்தேன். மூடியும் அதே டைட்டானியம். கல்யாணத்தன்று காலையில், தாலியில் எண்ணெய் வாடை வரக்கூடாதே என்று மூடியின் திருகு மரையைச் சுத்தமாகத் துடைத்தேன். கயிற்றில் கோத்த தாலியை உள்ளே வைத்து, கைப்பலம் முழுவதையும் காட்டி இறுக்கினேன்.

மணவறையில் ஐயர் தாலியைக் கேட்டார். திருகினேன். அசையவில்லை. வேட்டி முனையால் பிடித்துத் திருகினேன். ம்ஹூம். பெண்ணின் தாய்மாமன் (கர்லாக்கட்டை சுற்றிய உடம்பு) ஒரு பக்கமும் என் அண்ணன் மறுபக்கமும் பிடித்து முறுக்கியதில், அவர்கள்தான் மணவறையைச் சுற்றி வந்தார்கள். மணமக்கள் சுற்றவில்லை. வெந்நீர் ஊற்றினார்கள். அம்மி மிதிக்க வைத்திருந்த அம்மியின் குழவியால் தட்டினார்கள். குழவியில் சில்லு பெயர்ந்தது.

"ரம்பம் கொண்டாந்து அறுத்துடலாமா?" என்றான் என்னோடு வேலை செய்பவன் ஒருவன். தாலியை வைத்துக்கொண்டு அந்த வார்த்தையைச் சொன்னதற்காக, பெண் வீட்டுக் கிழவிகள் அவனைப் பந்தலை விட்டே துரத்தினார்கள்.

அந்நேரம் மாலையும் கையுமாக நஞ்சுண்டப்பா வந்து சேர்ந்தார். சிமிழை வாங்கிப் பார்த்தார்.

"மூடியும் அதே மெட்டலா, குரு?" (அவருக்கு எல்லோருமே 'குரு'தான்.)

"ஆமா சார்."

"அய்யோ சுவாமி! எண்ணெய் இல்லாம இறுக்கினா ரெண்டும் ஒண்ணை ஒண்ணு கடிச்சுக்குமே! மூடிய மட்டும் பித்தளையில பண்ணியிருந்தா இந்தக் கஷ்டம் இல்ல."

பித்தளை என்றதும் அம்மா என்னைப் பார்த்தாள். அந்தப் பார்வைக்கு எந்த உலோகமும் தாங்காது.

"முகூர்த்தம் தாண்டப் போவுது" என்றார் ஐயர். தவில்காரர் ஓங்கிய கையை இறக்காமலே உட்கார்ந்திருந்தார். பெண்ணின் அப்பா துண்டால் கண்ணைத் துடைத்தார். அந்த மனிதர் இந்த ஒரு நாளுக்காக எத்தனை வருஷம் காத்திருந்தாரோ. நான் என் பெருமையை அதன் மேல் போட்டு இறுக்கிவிட்டேன்.

அதுவரை என்னோடு ஒரு வார்த்தையும் பேசியிராத மணப்பெண் கமலா, குனிந்த தலை நிமிராமல், தட்டிலிருந்து ஒரு மஞ்சள் கிழங்கை எடுத்து என்னிடம் நீட்டினாள்.

"இதுக்கு மூடி கெடையாது. கயித்துல கோத்துக் கட்டுங்க."

ஐயர் வேறொரு மஞ்சள் கயிறு கொடுத்தார். கட்டினேன். தவில்காரரின் கை ஒருவழியாக இறங்கியது.

திங்கட்கிழமை நஞ்சுண்டப்பாவே சிமிழை லேத்தில் மாட்டித் 'திறந்து' கொடுத்தார். (வேறு வார்த்தை எழுத இன்றும் கை வரவில்லை.) தாலிக்கு ஒரு கீறல்கூட இல்லை.

போன மாதம் பேரன் ஒரு கைக்கடிகாரத்தின் படத்தைக் காட்டி, "டைட்டானியமாம் தாத்தா, அவ்ளோ காசு குடுக்கலாமா?" என்று கேட்டான். நான் தொண்டையைச் செருமிக்கொண்டு ஆரம்பிப்பதற்குள் சமையலறையிலிருந்து கமலாவின் குரல் வந்தது: "தொறக்குமான்னு மொதல்ல கேளுடா!"

குக்கரோ பீரோவோ, எங்கள் வீட்டுக்குள் எது வந்தாலும் முதல் கேள்வி அதுதான். சிமிழின் அடிப்பாதி இன்றும் பொட்டுத் துரு இல்லாமல் அடுப்பு மேடையில் இருக்கிறது. அதில் கமலா மஞ்சள் கிழங்கு போட்டு வைத்திருக்கிறாள். மூடுவதில்லை.