சனியைப் பிடிக்க ஒரு ஸ்டாண்டு

சனிக் கிரகம் மறுபடியும் துள்ளிக் குதித்து ஓடிவிட்டது.

மொட்டை மாடியில் குனிந்து நின்றிருந்த மனிதர் டெலஸ்கோப்பிலிருந்து கண்ணை எடுத்து, அதன் முக்காலி ஸ்டாண்டை முறைத்தார். ஊரில் எல்லாரும் சனி விட்டால் போதும் என்று இருக்கிறார்கள். இந்த மனிதர் அதைப் பிடிக்கத்தான் ஒரு வாரமாக மல்லுக்கட்டிக்கொண்டிருந்தார். சனியும் வளையமும் கண்ணில் படும். 'ஆகா' என்று ஒரு மூச்சு விடுவார். அந்த மூச்சுக்கே ஸ்டாண்டு நடுங்கும், சனி போயே போய்விடும்.

அவர் போல்ட்டும் நட்டும் செய்யும் தொழிற்சாலையில் தரப் பரிசோதகர். மயிரிழை கோணல் இருந்தாலும் தூக்கி எறிவார். அங்கே அவருக்கு 'அங்குலம்' என்று பெயர். வீட்டுக்கு வந்தாலும் பரிசோதனை ஓயாது. டப்பா மூடி நேராகத் திருகியிருக்கிறதா, கொடியில் துணி சம இடைவெளியில் தொங்குகிறதா, வெங்காயம் ஒரே அளவில் நறுக்கியிருக்கிறதா என்று மனைவியின் பின்னாலேயே போவார். "உன் நல்லதுக்குத்தாம்மா சொல்றேன்" என்பார். நல்ல மனிதர்தான், யார் இல்லையென்றது?

இப்பேர்ப்பட்டவரை வானத்தைப் பார்க்க வைத்தது டாக்டர். மனைவிக்கு அடிக்கடி தலை சுற்றுகிறது என்று கிளினிக்குக்குக் கூட்டிக்கொண்டு போயிருந்தார். டாக்டர் அவளைப் பார்த்து முடித்து வெளியே உட்காரச் சொல்லிவிட்டு, "நீங்களும் கையை நீட்டுங்க" என்று இவருக்கும் பிரஷர் பார்த்தார். பார்த்துவிட்டு நீளமாகப் பெருமூச்சு விட்டார்.

"எவ்வளவு டாக்டர்?"

"நம்பரைச் சொன்னா அதையே பிடிச்சுத் தொங்குவீங்க. வேலை முடிஞ்சு வந்து என்ன பண்ணுவீங்க?"

"வீட்டைக் கவனிப்பேன்."

"அதை முதல்ல விடுங்க. இருட்டினதும் நேரா மொட்டை மாடிக்குப் போயிடுங்க. ஒரு டெலஸ்கோப் வாங்கி ரெண்டு மணி நேரம் நட்சத்திரம் பாருங்க. பிரஷர் தன்னால இறங்கும். ஒரு மாசம் கழிச்சு ரெண்டு பேரும் வாங்க."

"இறங்கலைன்னா?"

"இறங்கலைன்னா ரொம்பக் கஷ்டம் சார்."

அங்குலத்தின் அண்ணன் பிரஷரைக் கவனிக்காமல் விட்டு, ஒரு பக்கம் கை கால் விழுந்து படுத்துக் கிடப்பவர். ஒரு மாதத்துக்குள் நிம்மதி அடையாவிட்டால் தனக்கும் அதே கதிதான் என்று முடிவு கட்டினார். நிம்மதியை ஒருவன் இவ்வளவு பீதியோடு தேடி உலகம் பார்த்திருக்காது.

சனி ஓடிப்போன அன்று அவர் மாடியிலிருந்து இறங்கி வந்தபோது மனைவி சோபாவில் காலை நீட்டிக்கொண்டு கதைப் புத்தகம் படித்துக்கொண்டிருந்தாள்.

"முடியலம்மா. ரிலாக்ஸ் ஆகறதுக்குள்ள என் உசுரே போயிடும் போலிருக்கு. இதைத் தூக்கிக் கடாசிடறேன்."

அவள் விருட்டென்று எழுந்து உட்கார்ந்தாள். "ஏங்க, டெலஸ்கோப் நல்லாத்தானே இருக்கு? ஸ்டாண்டுதானே ஆடுது? வேற ஸ்டாண்டு வாங்குங்க. பாதியில விட்டுடாதீங்க."

ஒரு துடைப்பம் வாங்குவதென்றால்கூடப் பத்து முறை யோசிப்பவள். தன் உயிர்மேல் இவளுக்கு எத்தனை பிரியம் என்று நினைத்து அங்குலத்துக்குக் கண் கலங்கிவிட்டது.

மறுநாள், டெலஸ்கோப் விற்ற லென்ஸ் கடைக்காரர் ஓர் இரும்பு ராட்சசனைக் காட்டினார். அதன் ஒரு பக்கம் டெலஸ்கோப்பை மாட்ட வேண்டும், மறுபக்கம் எடைக்கு எடை இரும்புக் குண்டுகள்.

"இது அசையவே அசையாது சார். துருவ நட்சத்திரத்தைப் பார்த்து நிறுத்திடுங்க. வானம் சுத்துற தினுசுலயே இதுவும் சுத்தும்."

அசையவில்லைதான். மாடிப்படி ஏற்றும்போதே அசையவில்லை. இடுப்பு பிடித்துக்கொள்ள ஒருவழியாக மேலே சேர்த்துப் பார்த்தால், துருவ நட்சத்திரம் இருக்க வேண்டிய இடத்தில் பக்கத்து வீட்டுத் தண்ணீர்த் தொட்டி இருந்தது. குத்துமதிப்பாகத் திருப்பி வைத்தார். டெலஸ்கோப்பைச் சனியை நோக்கி நகர்த்தியதும் கண் வைக்கிற குழாய் தலைகீழாகப் போய் அடியில் நின்றது. அங்குலம் தரையில் மல்லாந்து படுத்து, தலையை மட்டும் தூக்கிப் பார்த்தார். சனி அசையாமல் நின்றது. அவராலும் அசைய முடியவில்லை. கழுத்து பிடித்துக்கொண்டுவிட்டது.

கழுத்துப் பட்டையோடு தொழிற்சாலைக்குப் போனவரைப் பார்த்து ஃபோர்மேன், "இப்பதான் சார் நீங்களே கோணல் இல்லாம நிக்கறீங்க" என்றார். யாரும் சிரிப்பை அடக்கச் சிரமப்படவில்லை.

"போதும்மா. விட்டுடறேன்" என்றார் மனைவியிடம்.

"குனியாம நிமிராம பார்க்கற மாதிரி ஏதாவது இருக்கும்ங்க. கேட்டுப் பாருங்க" என்றாள் அவள். டப்பாக்கள் எல்லாம் மூடி கோணிக் கிடந்தன. அதைக் கவனிக்க அவருக்குக் கழுத்து திரும்பவில்லை.

இந்த முறை மோட்டார் வைத்த ஸ்டாண்டு வந்தது. "சேர் போட்டு உக்காருங்க சார், அதுவே தேடிப் பிடிச்சுக் கொடுக்கும். ரெண்டு நட்சத்திரத்தை மட்டும் நீங்க அடையாளம் காட்டணும்" என்று கடைக்காரர் சத்தியம் செய்யாத குறை.

கழுத்துப் பட்டை கட்டியவர் எப்படி அண்ணாந்து பார்ப்பார்? நேர்மட்டத்தில் இரண்டு வெளிச்சம் பளிச்சென்று தெரிந்தது. அதையே காட்டினார். ஒன்று செல்போன் கோபுரத்து விளக்கு, மற்றது யார் வீட்டு மாடி பல்போ. மோட்டாருக்கு என்ன தெரியும்? 'சனி' என்று பொத்தானை அழுத்தியதும் 'கீ...ர்' என்று திரும்பி, மெல்லத் தலை குனிந்து, எதிர்வீட்டு ஜன்னலில் போய் நின்றது. அங்கே ஓய்வுபெற்ற போலீஸ் இன்ஸ்பெக்டர் கண்ணாடி முன்னால் நின்று மீசைக்கு மை பூசிக்கொண்டிருந்தார். பாதி மீசை கறுப்பு, பாதி வெள்ளை.

அங்குலம் பதறிப்போய்க் குழாயைத் தள்ளினார். அது கடமை தவறாமல் மறுபடி ஜன்னலுக்கே திரும்பியது.

"யோவ்! என்னய்யா பார்க்கிற?"

"சனியைத் தேடறேன் சார்!"

"யாரைய்யா சனிங்கற?"

இன்ஸ்பெக்டர் பாதி மீசையோடு தெருவுக்கே இறங்கி வந்துவிட்டார். இனி அந்தக் குழாய் தன் வீட்டுப் பக்கம் திரும்பினால் நடப்பதே வேறு என்றார். அங்குலம் கையெடுத்துக் கும்பிட்டார். வானத்தில் சனி இருந்ததோ சரியாக அந்தப் பக்கம்தான்.

தலையில் கை வைத்து உட்கார்ந்துவிட்டார் மனிதர். மாதத்தில் பாதிக்கு மேல் ஓடிவிட்டது. நிம்மதி வரவில்லை, மானம் போனதுதான் மிச்சம். இடது கை மரத்துப்போகிற மாதிரிகூட இருந்தது.

"எனக்கு ஏதாவது ஆச்சுன்னா பீரோ சாவி எங்கேன்னு தெரியும்ல?" என்றார்.

"சும்மா இருங்க. நான் போய்ப் பேசிட்டு வரேன்" என்று மனைவி எதிர்வீட்டுக்குப் போனாள். இன்ஸ்பெக்டரின் மனைவியோடு அவள் வெகுநேரம் பேசிச் சிரிக்கும் சத்தம் கேட்டது. திரும்பி வந்து, "ஒத்துக்கிட்டாங்க. மோட்டார் மட்டும் ஆகாதாம். கையால திருப்பற ஸ்டாண்டு வாங்கிக்கோங்க" என்றாள்.

கடைசியாக வந்ததுதான் தங்கமான ஸ்டாண்டு. மேலும் கீழும், இப்படியும் அப்படியும், விரலால் தொட்டால் வெண்ணெயாக நகர்ந்தது. குண்டு இல்லை, மோட்டார் இல்லை. உட்கார்ந்தபடியே பார்க்கத் தோதாக உயரத்தைக் கூட்டிக் குறைக்கும் ஸ்டூலும் கூடவே வந்தது. இனிமேல் ஆடவே கூடாது என்று அங்குலம் மாடித் தளத்தில் துளை போட்டு, தானே பரிசோதித்த போல்ட்டுகளால் அதை இறுக்கினார். ஸ்டூலில் சாய்வாக உட்கார்ந்தார். கழுத்து நோகவில்லை, இடுப்பு நோகவில்லை. மெதுவாகக் குழாயை நகர்த்தினார். சனியின் வளையம் ஓரத்தில் தலைகாட்டியது.

மூக்கில் ஒரு மழைத்துளி விழுந்தது.

அன்று பிடித்த மழை மாதக் கடைசிவரை விடவில்லை. போல்ட்டுகளில் ஒரு குறை சொல்ல முடியாது. துளைகள்தான் ஒழுகின. படுக்கையறையில், சொல்லிவைத்தாற்போல் அவர் தலையணையில் சொட்டியது. கிணறு வெட்டப் பூதம் புறப்பட்ட கதைதான்.

"மழையில எப்படிம்மா மேல போறது?" என்று அழாக்குறையாகக் கேட்டார்.

மனைவி குடையை எடுத்து நீட்டினாள். "ரெண்டு மணி நேரம்னு டாக்டர் சொல்லியிருக்காரேங்க. அப்படியே அந்த ஓட்டையையும் அடைச்சுட்டு வாங்க."

குடையைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு, ஒவ்வொரு சாயங்காலமும் அவர் சிமென்ட் பூசினார். பூசப் பூசக் கரைந்தது.

கெடு முடிந்த நாளில் இருவரும் கிளினிக்குக்குப் போனார்கள். அவர் கழுத்தில் பட்டை, மூக்கில் சளி, நகக்கண்ணில் சிமென்ட். டாக்டர் மனைவியை முதலில் உள்ளே கூப்பிட்டார். கொஞ்ச நேரத்தில் நர்ஸ் வெளியே வந்து, அவர் கையில் பிரஷர் கருவியைச் சுற்றினாள். அங்குலம் கண்ணை இறுக மூடிக்கொண்டார்.

"எவ்வளவா இருந்தாலும் சொல்லிடுங்க சிஸ்டர். மனசைத் தேத்திக்கிட்டுத்தான் வந்திருக்கேன்."

"நூத்தி இருபதுக்கு எண்பது சார். போன மாசம் எவ்வளவோ அதேதான்."

அவர் ஒரு கண்ணைத் திறந்தார். "போன மாசமும் இதேவா? அப்ப எனக்கு ஒண்ணுமே இல்லையா?"

"குழந்தைக்கு இருக்கிற மாதிரி இருக்கு."

அவருக்கு ஆத்திரம் பொத்துக்கொண்டு வந்தது. அத்தனை பயம், அத்தனை அவமானம், அத்தனை மழை! எழுந்தே நின்றுவிட்டார்.

"இதுக்கா நான் ஒரு மாசம் நாயா அலைஞ்சேன்? நாளைக்குக் காலையில முதல் வேலை, அந்த டெலஸ்கோப்பைப் பழைய இரும்புக் கடையில போடறதுதான்!"

நர்ஸ் பதறிப்போய் அவர் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"ஐயையோ, அதை மட்டும் பண்ணிடாதீங்க சார்! உங்க வீட்டம்மாவுக்கு இன்னைக்குத்தான் பிரஷர் மாத்திரையைப் பாதியாக் குறைச்சிருக்காரு!"