இரண்டாவது கியர்

வண்டி மிக நிதானமாகத்தான் சாய்ந்தது. விபேக்கே இடது காலை ஊன்றித் தடுத்துப் பார்த்தாள். இருநூற்று முப்பது கிலோ எடை அந்தக் காலைப் பொருட்படுத்தவில்லை. வேகம் மணிக்கு நான்கு கிலோமீட்டர் இருந்திருக்கலாம். துறைமுகச் சுவரோரம் நடந்துகொண்டிருந்த வாத்து அவளை முந்திப் போயிற்று.

"கேக்!" என்று ஆறு பேர் ஒரே குரலில் கத்தினார்கள். பிறகு ஓடிவந்து வண்டியை நிமிர்த்தினார்கள்.

ஃபோபோர்க் துறைமுகத்தில் புதன் மாலைதோறும் கூடும் மோட்டார் சைக்கிள் சங்கத்தின் வழக்கம் அது. வண்டியைச் சாய்த்தவர் அடுத்த புதன் கேக் கொண்டுவர வேண்டும். விபேக்கேவுக்கு இது புதிதில்லை. அவள் வேலை பார்க்கும் மருந்துக்கடையில் கணினியைப் பூட்டாமல் எழுந்து போனாலே கேக்தான்.

கவலை வேறு. மூன்று கார் நிற்கும் அகலத்துக்குள், கால் ஊன்றாமல், மூன்று முறை வட்டமடித்துத் திரும்ப வேண்டும். முடியாதவர்களுக்கு ஜூலை மாத நார்வே பயணத்தில் இடமில்லை. விபேக்கே ஜனவரியிலேயே விடுப்பு எழுதிக் கொடுத்திருந்தாள். நாற்பத்தெட்டு வயதில் முதன்முதலாக அவளுக்கென்று ஒரு பயணம். திரும்பிக் காட்ட இன்னும் இரண்டே புதன்கள் இருந்தன.

சங்கத் தலைவர் ஹோல்கர் வாயிலிருந்ததை விழுங்கிவிட்டு வந்தார். போன வாரம் விழுந்ததற்காக அவள் கொண்டுவந்த கேக். தேங்காய்த் துருவலும் பழுப்புச் சர்க்கரையும் வெண்ணெயில் காய்ச்சி மேலே ஊற்றியது. மருந்துக்கடைப் பழக்கத்தில் எல்லாவற்றையும் கிராம் சுத்தமாக நிறுத்துப் போட்டிருந்தாள்.

"எந்த கியர்ல திருப்பினே?"

"முதல் கியர்லதான்."

"அங்கதான் தப்பு. முதல் கியர் வெடுக்கு வெடுக்குனு இழுக்கும். ரெண்டாவது போடு."

"நின்னுடாதா?"

"நாப்பது வருஷம் படகு எஞ்சினோட குடும்பம் நடத்தினவன்மா நான்."

பக்கத்தில் ரூனே விரலை நக்கிக்கொண்டிருந்தான். போன வருடம் சேர்ந்தவன், தச்சு வேலை செய்பவன். "நானெல்லாம் ஒரே நாள்ல கத்துக்கிட்டேன்," என்றான்.

"எப்படி?"

ரூனே ஹோல்கரைப் பார்த்தான். "அது... கை தானா பழகிடுச்சு."

விபேக்கே சின்ன நோட்டில் எழுதிக்கொண்டாள். முயற்சி 2. முதல் கியர். இடது பக்கம்.

உடனே இரண்டாவது கியர் போட்டு முயன்றாள். எஞ்சின் இருமிற்று, நின்றது, வண்டி சாய்ந்தது. முயற்சி 3. இந்த முறை வலது பக்கம்.

"முன்னேற்றம்தான்," என்றார் ஹோல்கர். "ரெண்டு பக்கமும் வருது."

அடுத்த புதன் புளிப்பான ருபார்ப் தண்டு போட்ட கேக்கோடு வந்தாள். தட்டு மேசையைத் தொடுமுன் ஹோல்கரின் சட்டைப் பையிலிருந்து முள்கரண்டி வெளியே வந்தது.

"கியர் சரிதான். பார்வைதான் தப்பு," என்றார் சாப்பிட்டபடி. "முன்சக்கரத்தையே பாரு. கண்ணை எடுக்காதே."

அவள் கண்ணை எடுக்கவில்லை. அதனால், எதிரே வரிசையாக நின்றிருந்த மற்றவர்களின் வண்டிகளைப் பார்க்கவுமில்லை. அவளுடைய வண்டி ஹோல்கரின் வண்டிமீது சாய்ந்தது. ஹோல்கரின் வண்டி ரூனேயின் வண்டிமீது சாய்ந்தது. ரூனேயின் வண்டி கொஞ்ச நேரம் யோசித்துவிட்டுப் படுத்தது.

விபேக்கேவுக்குக் கண் கலங்கியது. "ஹோல்கர், என்னை மன்னிச்சிடுங்க. உங்க பெட்ரோல் டாங்க்ல கீறல்..."

"கீறல்தானே, விடு," என்றார் ஹோல்கர்.

"மூணு வண்டி," என்றான் ரூனே. "அப்போ மூணு கேக்."

"டேய், அவளை அவசரப்படுத்தாதே," என்ற ஹோல்கர், குரலைத் தாழ்த்தி, "உடுப்புதான்மா காரணம். மெல்லிசு கையுறை, மெல்லிசு பூட்ஸ். பயத்துல உடம்பு இறுகுது. என் குளிர்காலக் கையுறையைத் தரேன். ரூனேகிட்ட பந்தய பூட்ஸ் இருக்கு," என்றார்.

கடைசிப் புதன். விபேக்கே மூன்று கேக்குகளை மேசையில் வைத்துவிட்டு, அரைமணி முன்னதாகவே பயிற்சி தொடங்கினாள். கையுறைக்குள் விரல்கள் எங்கே இருக்கின்றன என்று தெரியவில்லை. பூட்ஸுக்குள் கணுக்கால் மடங்கவில்லை. இரண்டாவது கியர், முன்சக்கரத்தில் பார்வை. வண்டி ஒரு பக்கம் போயிற்று, அவள் மறுபக்கம் போனாள். கவிழ்ந்த ஆமையாக மல்லாந்து கிடந்தாள். "கேக்!" என்று கத்துவதற்குக்கூட ஆளில்லை.

துறைமுக மூலையில் சாசேஜ் கடை வைத்திருக்கும் யூட்டே, கையில் இடுக்கியோடு இறங்கி வந்தாள்.

"எழுந்திரு பொண்ணே. முதல்ல அந்தக் கையுறையைக் கழட்டு. ரொட்டி சுடுறவன்கூட இவ்வளவு தடியா போடமாட்டான்."

"ஹோல்கர்தான்..."

"தெரியும். உன் பழைய பூட்ஸ் எங்கே? போட்டுக்கோ. முதல் கியர் போடு. கிளட்சை முழுசா விட்டுடாதே. பாதியில பிடிச்சுக்கிட்டே பின்பிரேக்கை லேசா அழுத்து. முன்பிரேக்கைத் தொடாதே."

"பார்வை? சக்கரத்தைப் பாக்கணுமா?"

"சக்கரம் எங்கேயும் ஓடிடாது. போற இடத்தைப் பாரு. இதோ, என் கடையைப் பாரு."

விபேக்கே கடையைப் பார்த்தாள். வண்டியும் கடையைப் பார்த்தது. அப்படியே திரும்பியது. அவள் நோட்டில் எழுத மறந்துபோனாள்.

சங்கம் வந்தது. மூன்று கேக்குகளும் முடிந்தன. விபேக்கே முதல் கியரில், பாதி கிளட்சில், சாசேஜ் கடையைப் பார்த்தபடி மூன்று முறை வட்டமடித்தாள். கால் தரையில் படவில்லை.

யாரும் கைதட்டவில்லை.

"நல்லாருக்கு," என்றார் ஹோல்கர், இரங்கல் சொல்லும் குரலில்.

"காத்து அடிக்கலயே இன்னிக்கு," என்றான் ரூனே. "காத்தடிக்கிற நாள்ல இன்னொரு தடவை..."

"விதின்னா விதி. நார்வே வர்றா," என்றார் ஹோல்கர். காலித் தட்டுகளை அவர் வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தார்.

அடுத்த புதன் வண்டி எதுவும் சாயவில்லை. மேசை வெறுமையாக இருந்தது. யூட்டேயின் கடைமுன் ஹோல்கர் முதலாக ஆறு பேரும் வரிசையில் நின்றார்கள். வெங்காயம் பொரியும் வாசனை துறைமுகம் முழுக்க வீசியது.

விபேக்கே கடையின் பக்கவாட்டுக் கதவு வழியாகத் தலையை நீட்டி, மருந்துக்கடையிலிருந்து கொண்டுவந்த கைக்களிம்பைக் கொடுத்தாள்.

"உங்களுக்குத்தான். ஒண்ணு கேக்கலாமா? அத்தனை பேர் சொல்லிக் குடுத்தும் வராதது, நீங்க சொன்னதும் எப்படி வந்துச்சு? எனக்கு உதவணும்னு உங்களுக்கு எப்படித் தோணுச்சு?"

யூட்டே ஒரு சாசேஜைப் புரட்டிப் போட்டாள்.

"உன் கேக் வந்த நாள்லேருந்து என் கடைப்பக்கம் ஒருத்தன் எட்டிப் பாக்கலை, பொண்ணே. இதோ நிக்கிறானே ரூனே, போன வருஷம் வண்டியைச் சாய்ச்சதுக்கு இவன் கொண்டு வந்தது கடை பிஸ்கட். இவனுக்கு மட்டும் முதல் கியரையும் பாதி கிளட்சையும் அன்னிக்கே சொல்லிக் குடுத்துட்டாங்க."