கை காட்டினால் சரக்கு இல்லை

அன்புத் தங்கைக்கு அண்ணன் எழுதுவது. இங்கே நான், உன் அண்ணி, உன் மருமகள் மூவரும் சுகம். நீயும் மாப்பிள்ளையும் குழந்தையும் அப்படியே இருப்பீர்கள் என்று வைத்துக்கொண்டு விஷயத்துக்கு வருகிறேன்.

நேற்று என் வீட்டில் எனக்குக் குடிக்கத் தண்ணீர் தர மறுத்துவிட்டார்கள். மறுத்தவள் என் மகள்.

போன விடுமுறையில் உன் மகளும் என் மகளும் ஒருத்தி பாஷை மற்றவளுக்குத் தெரியாமல் ஒரே சோபாவின் இரண்டு கோடியில் உட்கார்ந்திருந்ததும், உன் மகள் அழுததும், "அடுத்த தடவை ஓட்டல்லயே தங்கிக்கறோம்ண்ணா" என்று நீ சொன்னதும் எனக்கு ஆறவே இல்லை. அண்ணன் வீடு இருக்க ஓட்டலா? உங்கள் ஊர் பாஷையை என் மகளுக்கு நானே வீட்டில் சொல்லித்தருவதென்று இறங்கிவிட்டேன். உங்களுக்கே தெரியாதே என்றாள் உன் அண்ணி. பிளாஸ்டிக் வாளி செய்யவும்தான் எனக்குத் தெரியாது, மொத்த வியாபாரம் பண்ணவில்லையா?

வேண்டிய சரக்கு கண்ணில் பட்டால் வாங்குகிறவர் வாய் தானாகத் திறக்கும். நான் படித்த படிப்பு அவ்வளவுதான். கடையில் விலை ஒட்டும் சீட்டுகளைக் கொண்டுவந்து, கைப்பேசி சொல்லச் சொல்லக் கேட்டு, கதவு, கரண்டி, தலையணை எல்லாவற்றின் பெயரையும் தமிழெழுத்தில் எழுதி ஒட்டினேன். 'அம்மா' என்ற சீட்டை முதுகில் சுமந்தபடி ஆபீஸுக்குப் போய்வந்த உன் அண்ணி என்னோடு பேசுவதை நிறுத்திக்கொண்டாள், பாடம் நிற்கவில்லை. பகலில் சீட்டைப் படிக்கலாம், சாயங்காலம் கிழித்துவிடுவேன், பெயர் சொன்னால்தான் பொருள். முதல் நாள் கரண்டியின் பெயர் மறந்து தயிரை விரலால் வழித்த மகள், சீக்கிரமே கடையையே கைப்பற்றி, சட்டம் எல்லோருக்கும்தான் என்று அறிவித்துவிட்டாள். நேற்று சாயங்காலம் தாகத்தோடு வந்து, பெயர் வாயில் வராமல், பிரிட்ஜில் பாட்டிலைக் காட்டினேன்.

"கை காட்டினா சரக்கு இல்லப்பா. நீங்க போட்ட ரூல்தானே."

பழைய வாடிக்கை என்று சலுகை கேட்டுப் பார்த்தேன். உன் அண்ணி குறுக்கே வந்து, அந்தப் பெயரை அட்சரசுத்தமாகச் சொல்லி, ஒரு டம்ளர் வாங்கி, என் கண்ணெதிரிலேயே நிதானமாகக் குடித்தாள். நான் குழாயில் கை ஏந்தப் போனால், குழாய்க்குப் பெயர் கேட்கிறாள் மகள்.

போகட்டும், முதலாளிதான் தோற்றேன், வியாபாரம் தோற்கவில்லை. பெண் உங்கள் பாஷையில் பொரிந்து தள்ளுகிறாள். ஆகவே நேரே வீட்டுக்கே வாருங்கள். உன் மகளின் பேச்சுத்துணைக்கு நான் பொறுப்பு. மாப்பிள்ளைக்கு வணக்கம். குழந்தைக்கு முத்தமும், உங்கள் மூவருக்கும் ஒரு குறையும் வராதிருக்க இந்த அண்ணனின் ஆசியும்.

பின்குறிப்பு: உறையை ஒட்டுமுன் சரக்கைச் சோதித்துவிடலாமென்று உன் வீட்டுக்குப் போன் போட்டு மகளிடம் கொடுத்தேன். அவள் உங்கள் பாஷையில் மூச்சுவிடாமல் பேசி முடித்தாள். அந்தப் பக்கம் உன் மகள் பளிச்சென்று தமிழில், "நானும் கத்துக்கிட்டேன். எங்கப்பா வீடு பூரா சீட்டு ஒட்டிட்டாரு" என்கிறாள். தமிழ் ஓரெழுத்தும் அறியாத மாப்பிள்ளை! நீ மூச்சு விட்டாயா? நான் பட்ட தாகமெல்லாம் வீண். பெண்கள் இருவரும் போனிலேயே பேரம் முடித்துவிட்டார்கள்: தங்கல் நம் வீட்டில், காலையில் தமிழ், மாலையில் உங்கள் பாஷை, கை காட்டினால் சரக்கு இல்லை, மாப்பிள்ளைக்கும் எனக்கும் மட்டும் ஆளுக்கு தினம் ஒரு டம்ளர் தண்ணீர் இலவசம்.