சோளப் பாம்பும் உள் தாழ்ப்பாளும்

ஒரு காட்டில், விளக்கு வைக்கிற நேரம் தாண்டியதும், ஒரு வளையின் மூலையிலிருந்து 'கிர்ர்ர்ர்' என்று ஒரு சத்தம் வந்தது. காய்ந்த சருகுக்குள் யாரோ கிலுகிலுப்பையை விட்டு ஆட்டுவது போன்ற சத்தம்.

ஜெசிந்தா என்ற சுண்டெலி, இன்னும் கண் திறக்காத தன் குழந்தைகள் ஐந்தையும் வாரி அணைத்துக்கொண்டாள்.

"ஏங்க, பூனை!"

அவள் கணவன் அருளப்பன் காதைத் தூக்கிக் கேட்டுவிட்டு மறுபடி படுத்தான். "பூனை இல்ல ஜெசி. சத்தம் நம்ம வீட்டுக்குள்ள இருந்துதான் வருது."

அப்பாடா என்றிருந்தது ஜெசிந்தாவுக்கு. வீட்டுக்குள்ளிருந்து வருகிறதென்றால் அது டெய்சிதான். டெய்சி என்பது அவள் வளர்க்கும் பாம்பு.

சுண்டெலி எதற்காகப் பாம்பு வளர்க்க வேண்டும் என்று கேட்பீர்கள். பயத்தில்தான். ஜெசிந்தாவுக்கு இடி பயம், ஆந்தை பயம், போனில் சார்ஜ் தீர்ந்தால் வரும் சிவப்பு விளக்கு பயம். கல்யாணம் ஆனதும் இவற்றோடு பூனை பயமும் சேர்ந்துகொண்டது. நாளைக்குக் குழந்தை குட்டி என்று ஆனால் என்ன செய்வது? பாம்பு இருக்கிற வளைக்குப் பக்கத்தில் பூனை தலை வைத்துப் படுக்காது என்று யாரோ சொன்னார்கள். அன்றே அவள் போனை எடுத்து, பாம்பு வளர்ப்போர் குழு ஒன்றில் சேர்ந்துவிட்டாள். குழுவை நடத்தியது ஓணான் மேடம். நல்ல குழு. ஒரே ஒரு குறை, உறுப்பினர்கள் அடிக்கடி காணாமல் போய்க்கொண்டிருந்தார்கள். தவளை ஒருவர் 'என் பாம்பு இன்று என்னை ஆசையாகப் பார்க்கிறது' என்று படம் போட்டார். அதற்குப் பிறகு அவர் எதுவுமே போடவில்லை.

விலைக்கு இரண்டு பாம்புகள் இருந்தன. இங்கேதான் ஜெசிந்தாவின் படிப்பு கைகொடுத்தது. அவள் கொக்கு சிஸ்டர்கள் நடத்திய கான்வென்ட்டில் படித்தவள். அங்கே ஆங்கிலம் தவிர வேறு எதைப் பேசினாலும் ஒற்றைக்காலில் நிற்க வேண்டும். சிஸ்டர்களே எப்போதும் ஒற்றைக்காலில் நின்றதால், அவர்கள் என்ன தப்பாகப் பேசினார்களோ என்று பிள்ளைகள் பரிதாபப்படுவார்கள். ஒவ்வொரு வருஷமும் வகுப்பில் ஓரிரண்டு பிள்ளைகள் குறைவார்கள். "ஹையர் ஸ்டடீஸ்" என்று சொல்லி சிஸ்டர் அலகைத் துடைத்துக்கொள்வார். ஜெசிந்தா நம்பினாள். சொல்வதை நம்புவதற்காக அவளுக்குப் பரிசுகூடக் கொடுத்திருக்கிறார்கள்.

முதல் பாம்பின் பெயர் 'ராட் ஸ்நேக்'. படித்ததும் அவளுக்கு உடம்பெல்லாம் மயிர்க்கூச்செறிந்தது. ராட் என்றால் எலி! இரண்டாவதன் பெயர் 'கார்ன் ஸ்நேக்'.

"கார்ன்னா சோளம்ங்க. சோளம் சாப்பிடுற பாம்பு. சுத்த சைவம்" என்றாள் கணவனிடம்.

"பாம்புன்னா பாம்புதானே ஜெசி?"

"இங்கிலீஷ் தெரிஞ்சிருந்தா இப்படிப் பேசுவீங்களா?"

தமிழ் மீடியத்தில் படித்த அருளப்பன் வாயை மூடிக்கொண்டான். அவர்கள் குடும்பம் அமைதியாக ஓடியதே அவன் வாயை மூடிக்கொண்டதால்தான்.

டெய்சிக்கு ஒரு பெட்டி வேண்டுமே. மரங்கொத்தி ஆசாரியை வரவழைத்தாள். "நல்ல கனமான மரமா போடுங்க. காத்துக்கு ஊசித் துளைதான் இருக்கணும், நாளைக்குக் குட்டி பொரிச்சா அதுகூட நுழையக் கூடாது. கதவுக்கு போல்ட் வேணும். பாம்பு இன்சைடு, போல்ட் போட்டு சேஃபா இருக்கணும், புரியுதா?"

"புரிஞ்சுதும்மா. இன்சைடு போல்ட்டு" என்றார் ஆசாரி.

பெட்டி வந்தது. அருமையான வேலை. கதவின் உள்பக்கம், உச்சியில், பளபளவென்று ஒரு தாழ்ப்பாள்.

"என்ன ஆசாரி இது? உள்ளே தாழ்ப்பாள் வச்சா பாம்புதானே போட்டுக்கணும்!"

"நீங்கதான் இங்கிலீஷ்ல சொன்னீங்க. இங்கிலீஷ்ல சொல்றதை நான் எதிர்த்துக் கேக்கிறதில்லம்மா."

வேறு வழியில்லாமல் வெளியே ஒரு கல்லை உருட்டி வைத்துக் கதவை அடைத்தார்கள். டெய்சிக்குச் சாப்பாடாக உள்ளே சோளத்தைக் குவித்துக் கொட்டினாள் ஜெசிந்தா.

டெய்சி நன்றாகவே வளர்ந்தது. சோளமும் குறைந்துகொண்டு வந்தது. ஜெசிந்தாவுக்கு ஒரே மனக்குறை, அருளப்பன் வீட்டு ஆட்களுக்கு மேனர்ஸ் இல்லை என்பதுதான். கொழுந்தன் வந்தான், சோளத்தைப் பார்த்தான், ராத்திரி தங்கினான். காலையில் பார்த்தால் கல் நகர்ந்திருக்கிறது, சோளம் குறைந்திருக்கிறது, ஆளைக் காணோம். ஒரு 'தாங்க்யூ' கிடையாது, ஒரு 'பை' கிடையாது. அடுத்து சின்ன மாமியார் வந்தாள். அவளும் அப்படியே. டெய்சி மட்டும் பெட்டிக்குள் சுருண்டு, நடுவயிறு உப்பி, ஏப்பம் விட்டுக்கொண்டிருக்கும்.

"பாருங்க, பாம்புக்கு இருக்கிற ஒழுங்கு உங்க ஆளுங்களுக்கு இல்ல. சொல்லாமக் கொள்ளாமப் போயிடறாங்க."

அருளப்பன் டெய்சியின் வயிற்றைப் பார்த்தான். மனைவியைப் பார்த்தான். வாயை மூடிக்கொண்டான்.

பிறகு டெய்சிக்கு மாப்பிள்ளை பார்த்தார்கள். குழுவில் ஓணான் மேடம் வரன்களின் படங்களைப் போட்டார். "இந்தப் பையன் நல்ல வெளுப்பு. குட்டிங்க ரோஸ் கலர்ல பிறக்கும்" என்றார். மாப்பிள்ளை பெட்டிக்குள் நாலு நாள் தங்கினான், போனான். கொஞ்ச வாரத்தில் டெய்சி ஈரப் பாசிக்குள் புகுந்து, ஒன்றோடொன்று ஒட்டிய முட்டைகளைக் கொத்தாக இட்டது. இட்டுவிட்டு வாலை உதறிக்கொண்டு நகர்ந்தது.

"எங்கே போற டெய்சி? உன் முட்டை!"

"அதான் இட்டாச்சே ஜெசியக்கா."

"நீயெல்லாம் ஒரு தாயா?" என்று கேட்டு, அந்த நிமிஷமே ஜெசிந்தா தாயானாள்.

ஒரு டப்பாவில் ஈரப் பாசியைப் பரப்பி முட்டைகளை வைத்தாள். கோழி முட்டையைப் போல இதைத் திருப்பிப் போடக் கூடாது, இட்ட பக்கம் மேலேயே இருக்க வேண்டும், புரட்டினால் உள்ளே கரு செத்துவிடும் என்று ஓணான் மேடம் சொல்லியிருந்தார். அதனால் ஒவ்வொரு முட்டையின் உச்சியிலும் கண்மையால் ஒரு பொட்டு வைத்தாள்.

"திருஷ்டிப் பொட்டா?" என்றான் அருளப்பன்.

"இல்லைங்க, மார்க்கிங்" என்றாள். ஆனால் ஒவ்வொன்றுக்கும் பொட்டு வைத்தபின் விரலை மடக்கி நெற்றியில் நெட்டி முறித்ததை அவன் பார்த்துவிட்டான்.

மஞ்சளாகச் சுருங்கிய ஒரு முட்டையை எடுத்துப் போட்டபோது அழுதாள். பாசி காய்ந்தால் ஈரம் தெளித்தாள், சொதசொதத்தால் துடைத்தாள். மூடியைத் திறந்து பார்த்தால் சூடு போய்விடும் என்று பயந்தாள், திறந்து பார்க்காவிட்டால் பூஞ்சை பிடிக்கும் என்று பயந்தாள். கடைசியில் திறப்பதற்கும் மூடுவதற்கும் நடுவில் மூடியைப் பிடித்துக்கொண்டே நின்றாள். அதற்குள் அவளுக்கும் பிரசவமானது. பஞ்சு மெத்தையில் ஐந்து குழந்தைகள், மயிர் முளைக்காத ரோஜா நிறத்தில். வளையிலேயே கதகதப்பான இடம் அந்த மெத்தைதான். எனவே முட்டை டப்பாவையும் மெத்தையோடு ஒட்டி வைத்தாள். எல்லாம் குழந்தைகள்தானே.

இப்போது அந்தச் சத்தத்துக்கு வருவோம்.

'கிர்ர்ர்ர்.'

ஜெசிந்தா போய்க் கல்லை நகர்த்தினாள். டெய்சி சருகில் வாலை நடுக்கிக்கொண்டிருந்தது.

"பசிக்குது ஜெசியக்கா. இப்பல்லாம் நம்ம வீட்டுக்கு விருந்தாளியே வர்றதில்லையே?"

எவ்வளவு பாசம் என்று ஜெசிந்தா நெகிழ்ந்துபோனாள். "சோளம் குவிஞ்சு கிடக்கே, சாப்பிடேன்."

"சோளம் கிடக்கு" என்றது டெய்சி வருத்தமாக.

அந்த நேரம் பார்த்து அருளப்பன் கூப்பிட்டான். "ஜெசி, முட்டை கீறிடுச்சு!" அவள் கல்லை மறந்து ஓடினாள். முட்டைகளில் பிளேடால் கீறினாற்போலக் கோடுகள். கோட்டுக்குள்ளிருந்து பொடிப் பொடித் தலைகள். உடம்பு உள்ளேயே இருக்க, தலையை மட்டும் நீட்டி அவை உலகத்தைப் பார்த்தன. ஜெசிந்தா அவற்றுக்குக் கான்வென்ட்டில் கற்ற பிரார்த்தனைப் பாட்டைப் பாடினாள்.

விடிந்ததும் சோளத்தை மாவாக இடித்து, கரைத்து, கரண்டியால் ஊட்டினாள். ஒன்றும் வாயைத் திறக்கவில்லை. குழுவில் கேட்டாள்.

'மேடம், குட்டிகளுக்கு முதல் சாப்பாடு என்ன?'

'பிங்கி' என்று பதில் வந்தது.

பிங்கி என்றால் சுண்டுவிரல். சுண்டுவிரலை எப்படிக் கொடுப்பது? இல்லை, பிங்க் நிறத்தில் ஏதாவதாக இருக்க வேண்டும். ரோஜா இதழைக் கிள்ளி வைத்துப் பார்த்தாள். பழைய ரிப்பனை வைத்துப் பார்த்தாள். குட்டிகள் அவற்றைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

'மேடம், பிங்கி எந்தக் கடையில் கிடைக்கும்?'

மேடம் எழுதுவதாகப் போன் காட்டியது. நின்றது. மறுபடி எழுதினார்.

'தப்பா நினைக்காதீங்க, நீங்க என்ன பிராணி?'

'சுண்டெலி மேடம்.'

ஓணான் மேடம் குழுவிலிருந்து வெளியேறினார்.

ஜெசிந்தா போனைப் பார்த்தாள். பிறகு டப்பாவைப் பார்த்தாள். முட்டைக்கு ஒன்றாக நீண்டிருந்த அத்தனை தலைகளும் ஒரே பக்கம் திரும்பியிருந்தன. எல்லா நாக்குகளும் ஒரே திசையில் துழாவின. அந்தத் திசையில் பஞ்சு மெத்தை. மெத்தையில், மயிர் முளைக்காமல், கண் திறக்காமல், வீட்டிலேயே மிகவும் பிங்க் நிறமான ஐந்து பொருள்கள்.

அவசரக்காரக் குட்டி ஒன்று முட்டையிலிருந்து வழுக்கிக்கொண்டு வெளியே வந்தது.

"ஏங்க!" என்றாள் ஜெசிந்தா. கான்வென்ட் ஆங்கிலம் அத்தனையும் அந்த ஒரு நொடியில் மறந்துபோயிற்று. "ஏங்க! எலி திங்குற பாம்புங்க இது!"

"அப்படியா?" என்றான் அருளப்பன். இத்தனை நாளாக மூடிய வாயை வேறு வேலைக்குத் திறந்தான். இரண்டு குழந்தைகளைக் கவ்விக்கொண்டான். மீதி மூன்றை அவள் கவ்விக்கொண்டாள். எங்கே போவது? வாசலில் டெய்சி, காலை உலாவை முடித்துவிட்டு, பசியோடு உள்ளே வந்துகொண்டிருந்தது. கனமான மரம், ஊசித் துளை, குட்டிகூட நுழைய முடியாத வேலைப்பாடு என்று அந்த வளையிலேயே பாம்புகளிடமிருந்து தப்பிக்கப் பாதுகாப்பான இடம் ஒன்றுதான் இருந்தது. இருவரும் பாம்புப் பெட்டிக்குள் பாய்ந்து கதவை இழுத்துப் பிடித்துக்கொண்டார்கள்.

கதவுக்கு வெளியே டெய்சியின் குரல் கேட்டது. "ஜெசியக்கா, அது என் வீடு."

"சோளம் சாப்பிடுவேன்னு என்னை ஏமாத்திட்டியே டெய்சி!"

"நான் எப்பக்கா சொன்னேன்?"

"பேர்ல இருக்கே!"

"சோளம் இருக்கிற இடத்துல எலி வரும். எலி வர்ற இடத்துல நாங்க இருப்போம். அதனால வந்த பேரு. உங்க கொழுந்தனுக்கு இங்கிலீஷ் தெரியாது, ஆனா கடைசியில அவருக்குப் புரிஞ்சுது."

அருளப்பன் ஒரு கணம் கண்ணை மூடித் திறந்தான்.

"அப்ப என்னை ஏன் விட்டு வச்சே?" என்றாள் ஜெசிந்தா.

"உங்களைச் சாப்பிட்டா சோளம் யாரு வைப்பா? நான் விவரம் தெரிஞ்சவ. பிள்ளைங்களுக்குத்தான் அது தெரியாது, பச்சைக் குழந்தைங்க. கதவைத் திறங்கக்கா, பேசிக்கலாம்."

கதவு ஒரு நூலளவு விலகியது. இரண்டு பேரின் கையும் வலித்தது. "ஜெசி, தாழ்ப்பாள்!" என்றான் அருளப்பன். அவள் எம்பிப் பார்த்தாள், எட்டவில்லை. டெய்சி தொடாமல் விட்ட சோளக் குவியலின் மேல் ஏறினாள், சறுக்கினாள், மறுபடி ஏறினாள். அவள் திட்டித் தீர்த்த, யாருக்கும் உதவாது என்று ஊரெல்லாம் சொல்லிச் சிரித்த அந்தத் தாழ்ப்பாள் கைக்கு அகப்பட்டது.

'படக்' என்று போட்டாள்.

நீதி: பாம்பு வளர்க்கிறவர்கள் பெட்டிக்குத் தாழ்ப்பாளை உள்பக்கமே வைக்கச் சொல்ல வேண்டும். ஆசாரியிடம் அதை ஆங்கிலத்தில் சொல்வது உத்தமம்.