கம்பத்துக் கப்பல்காரரும் கமலை மாட்டு பாட்டரியும்

கடல் இல்லாத ஊரில் ஒருவர் கப்பல் விடப் போகிறேன் என்றால் ஊர் அவரைப் பைத்தியம் என்னும். கம்பத்தில் அப்படிச் சொன்ன அத்தனை பேரையும் பைத்தியமாக்கிவிட்ட மகாமனிதர் ஒருவர் இருந்தார். அவருடைய சொந்தப் பெயர் அவருக்கே மறந்திருக்கும். ஊருக்கு அவர் கப்பல்காரர். யுத்தத்துக்கு முந்தின காலம் அது. நான் அங்கே ஒரு பஸ் கம்பெனியில் டிக்கெட் குமாஸ்தா.

கொழும்பில் ஒரு துரையின் பாய்மரப் படகில் சமையல்காரராக இருந்துவிட்டு ஊர் திரும்பியவர் அவர். வந்த கையோடு எங்கள் பஸ் ஷெட்டுக்குப் பக்கத்தில் ஆஞ்சிலி மரப் பலகைகளை இறக்கி, அதே மாதிரி ஒரு படகைக் கட்டத் தொடங்கிவிட்டார். உள்ளேயே கட்டில், அலமாரி, ஜன்னல்!

"இது எங்கன ஓடும், முல்லையாத்துலயா?" என்று யாராவது வாயைக் கிளறினால் போதும், மலையைக் காட்டிக் கத்துவார். "மேல தேக்கடியில அணைத் தண்ணி கடலாட்டம் கெடக்குய்யா! பெர்மிசன் வாங்கியாச்சு! மாசக்கணக்குல தண்ணி மேலயே குடித்தனம்!" அவர் ரகசியம் பேசினாலே அடுத்த ஊரான கூடலூருக்குக் கேட்கும்.

குடித்தனத்துக்கு மனைவி வேண்டுமே! அவர் மனைவி செல்லம்மா அக்கா ஒரே போடாகப் போட்டார். "வாரேன். ஆனா இருட்டுல தண்ணி மேல இருக்க மாட்டேன். லைட்டு அணைஞ்ச நிமிசமே கரையேறி எங்காத்தா வீட்டுக்குப் போயிருவேன்."

அரிக்கேன் விளக்குக்குக் கப்பல்காரர் சம்மதிக்கவில்லை. துரையின் படகில் விளக்குக் கவிழ்ந்து பாய் பற்றி எரிந்ததைக் கண்ணால் கண்டவர். ஆகவே பாட்டரி. அது சரியாக அமையாவிட்டால் அக்கா வரமாட்டார். அக்கா வராவிட்டால் படகு வெறும் விறகு. ஏனென்றால் அக்கா இல்லாமல் அந்த மனிதர் சந்தைக்குக்கூடப் போனதில்லை.

பாட்டரி பார்ப்பதற்கு அவர் யாரைக் கூட்டி வந்தார் தெரியுமா? மாட்டுத் தரகர் மொக்கையனை!

"நாளெல்லாம் ஒழைக்கப்போற உருப்படிய்யா. பாத்துப் புடிக்க வேணாமா?" என்று என்னையே மடக்கினார்.

மொக்கையன் எங்கள் பஸ் பாட்டரியைச் சுற்றி வந்தார், தட்டினார், மேலே இருந்த மூடிகளை எண்ணினார். "அண்ணே, மூணு பல்லுதான் இருக்கு. ஒத்தைப்படையில பல்லு இருந்தா ஆகாதுண்ணே!"

"பல்லை விடு. சுழி பாருய்யா, சுழி!" என்றார் கப்பல்காரர்.

அதற்குள் எங்கள் டிரைவர் ஸ்டார்ட்டரை மிதிக்க, பஸ் ஒரே உதறலில் உறுமி எழுந்தது. மொக்கையன் கும்பிட்டே விட்டார். "துடியான சாதிண்ணே! கண்ணை மூடிக்கிட்டுப் புடிங்க!"

அதே ஜாதியில் புதிதாக ஒன்று வாங்கி, வீட்டில் வைத்து வெள்ளோட்டம். முதல் நாள் பல்பு விடிய விடிய எரிந்தது. கப்பல்காரர் தெருவில் எதிர்ப்பட்டவர்களையெல்லாம் கட்டிப்பிடித்தார். தினமும் முழுக்க வடியவிட்டு, தினமும் எங்கள் ஷெட்டில் சார்ஜ் ஏற்றினோம். பாவி பாட்டரி நாளுக்கு நாள் இளைத்தது. கடைசியில் எங்களை விருந்துக்குக் கூப்பிட்ட அன்று, குழம்பு ஊற்றும்போது வெளிச்சம் பழுத்தது. ரசத்துக்குக் கறுத்தது. மோருக்கு நான் என் இலையைத் தடவித்தான் கண்டுபிடித்தேன்.

இருட்டுக்குள்ளிருந்து அக்காவின் குரல் வந்தது. "ரேக்ளா மாட்டைக் கொண்டாந்து கமலையில கட்டுனா எத்தனை நாளைக்கு இழுக்கும்? ஓடுற மாடு வேற, நாளெல்லாம் தண்ணி எறைக்கிற மாடு வேறங்க."

கப்பல்காரர் எச்சில் கையோடு துள்ளி எழுந்தார். "அடி ஆத்தா! சொன்னியே ஒரு வார்த்தை! பஸ்ஸுக்கு ஒரு ஒதை போதும். நமக்கு வேண்டியது கமலை மாடுடி!"

மறுநாளே என்னையும் மொக்கையனையும் கூட்டிக்கொண்டு மலையேறினார். ஏலக்காய்த் தோட்டத்து பங்களாவில் வீட்டு விளக்குக்கென்றே கனத்த தகடு போட்ட கண்ணாடி ஜாடி பாட்டரிகள் இருந்தன. தோட்டத்துத் துரை சீமைக்குத் திரும்புகிற நேரம், சாமானெல்லாம் விலைக்கு வந்திருந்தது. பங்களா பட்லரும் மொக்கையனும் மாட்டுச் சந்தை வழக்கப்படி துண்டுக்கடியில் விரலைப் பிடித்து விலை பேசினார்கள். மூன்று ஜாடி படிந்தது. "மறுபடியும் மூணு பல்லு!" என்று மொக்கையன் தலையில் அடித்துக்கொண்டார்.

கோழி முட்டை மாதிரி வைக்கோலில் பொதிந்து மாட்டு வண்டியில் ஏற்றினோம். வழியில் ஒரு ஜாடி தளும்ப, மொக்கையன் பதறிப்போய்த் தன் துண்டால் துடைத்துவிட்டார். ஆசிட்! அடுத்த சந்தையில் துண்டை விரித்தால் சல்லடை. உள்ளே எந்த விரலைப் பிடிக்கிறார் என்பது சந்தை முழுக்கத் தெரிந்து, அன்றைக்கு ஒரு கன்றுக்குட்டிகூட அவர் சொன்ன விலைக்குப் போகவில்லை.

மாடு பூட்டி மலையேற்றிய படகு தேக்கடியில் தண்ணீரில் இறங்கிய அன்று நானும் மொக்கையனும்தான் விருந்தாளிகள். பாய் புடைத்தது. கப்பல்காரர் கத்திய கத்தலில் கரையில் நின்ற யானைகள் காட்டுக்குள் போய்விட்டன. பொழுது சாய, தண்ணீரில் நின்ற ஒரு பட்டமரத்தில் படகைக் கட்டினோம். சுவிட்சைப் போட்டார். வெளிச்சம் நின்று எரிந்தது. சோறு முடிந்தது, வெற்றிலை முடிந்தது, அசையவில்லை. கப்பல்காரர் பல்பைப் பார்ப்பார், அக்காவைப் பார்ப்பார்.

அக்கா மெதுவாகச் சொன்னார். "ஏங்க, அந்த லைட்டை அணைங்க."

"அணைக்கவா! எதுக்கு?"

"நெலா வந்திருச்சு. தண்ணியில கெடக்குறது இந்த வெளிச்சத்துல தெரிய மாட்டேங்குது."

"இருட்டாயிருமேடி?"

"அதான் நீங்க இருக்கீகளே."

ஊரே காது பொத்துகிற அந்த மனிதர் வாயே திறக்காமல் சுவிட்சை அணைத்தார். நாங்கள் நாலு பேரும் படகின் ஓரத்தில் சாய்ந்து, தண்ணீரில் கிடந்த நிலாவைப் பார்த்தோம்.

இப்போதெல்லாம் கரண்ட் போனால் என் வீட்டில் எல்லோரும் கரண்ட் ஆபீஸைத் திட்டுகிறார்கள். எனக்கு மட்டும் சிரிப்பு வந்துவிடுகிறது. சிரித்து முடித்ததும், அந்தச் சத்தக்காரர் இந்த நேரம் பக்கத்தில் இருந்தால் எவ்வளவு நன்றாக இருக்கும் என்று தோன்றுகிறது.